தட்டுவதற்கு ஒரு கதவு

கீழே மிக்சி, மின்விசிறி ரிப்பேர் கடை. மேலே இன்டர்வியூ கிளாஸ். இரண்டையும் சேர்ப்பது கைப்பிடி ஆடும் ஒரு மரப்படிக்கட்டு. வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்கள், அந்த வட்டாரத்தில் யாராக இருந்தாலும், ஒருமுறையாவது அந்தக் கைப்பிடியைப் பிடித்திருப்பார்கள். நர்ஸ் வேலைக்குப் போனவர்கள், பாங்கு கவுன்ட்டரில் உட்காரப் போனவர்கள், கிடங்கில் கணக்குப் பார்க்கப் போனவர்கள், பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்பிய பெண்கள் என்று எல்லாரும் அங்கே வந்தவர்கள்தான். இப்போது அந்தக் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஆனாலும் பழைய ஆட்கள் சிலர் அங்கே வண்டியை விட்டு இறங்கும்போது தங்களையறியாமல் காலரை இழுத்துச் சரிசெய்துகொள்வதைப் பார்க்கலாம்.

மேலே கிளாஸ் நடத்தியவளை எல்லாரும் மாடி டீச்சர் என்பார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சராக இருந்ததில்லை. சின்ன வயதில் அப்பா தவறிப்போனதும், அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் இரக்கப்பட்டு இவளை எடுத்துக்கொண்டார்கள். ஆளெடுக்கும் நாட்களில், வெளியே காத்திருப்பவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்து விடுவதும், மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதும் அவள் வேலை. வருஷக்கணக்கில் அந்த மூலையில் உட்கார்ந்து, கெட்டிக்காரர்கள் எல்லாம் வாயைத் திறக்கும் முன்னாலேயே வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசு ஆறவில்லை. "பாதிப் பேரு கதவத் தட்டுறதுலயே போயிடுறாங்க" என்று வீட்டுக்கு வந்து புலம்புவாள். அலுவலகத்தை மூடியதும், அந்தப் புலம்பலே தொழிலாகிவிட்டது.

மாடி வகுப்பில் மூன்று விஷயம்தான் முக்கியம். கதவை அளவாகத் தட்டு. உட்காரச் சொல்லும் வரை உட்காராதே. கேள்வி வந்ததும் எச்சிலை ஒருமுறை விழுங்கிவிட்டுப் பதில் சொல். மற்றதெல்லாம் உன் சாமர்த்தியம்.

அதிகாரி வேஷம் கட்டுவது மெக்கானிக். டீச்சரின் புருஷன்தான். ஆள் பசு மாதிரி. ஆனால் முகம் அப்படி அமைந்துவிட்டது. சிரிக்கும்போதே யாரையோ வேலையை விட்டு நீக்குகிற மாதிரி இருக்கும். இந்த முகத்தை வீணாக்கக் கூடாது என்று டீச்சர் அவரை மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்தாள். வகுப்பு நேரமானால் கையிலுள்ள கிரீஸைத் துடைத்துக்கொண்டு மேலே வருவார். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போடுவார், பித்தான் எட்டாது. டீச்சர் எழுதிக்கொடுத்த அட்டைகளை வரிசையாகப் படிப்பார். முதல் அட்டை, 'உங்களைப் பத்திச் சொல்லுங்க.' கடைசி அட்டை, 'போயிட்டு வாங்க, தகவல் சொல்லி அனுப்புறோம்.' நடுவில் எது வந்தாலும் அட்டையை விட்டு ஒரு சொல் கூடுதலாகப் பேச மாட்டார். கோட்டுப் போட்டுவிட்டால் அவருக்கு எல்லாரும் 'நீங்க'தான். கோட்டைக் கழற்றினால் பொண்டாட்டியைப் பழையபடி 'இந்தா' என்பார்.

இந்த இரண்டு பேரையும், வருகிற கூட்டத்தையும் மேய்த்தது அண்ணி. மெக்கானிக்குக்கு அக்கா, டீச்சருக்கு நாத்தனார். மாடிப்படி முடிகிற இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கொடிக்கயிறு கட்டி, அதை முடிச்சுப் போட்டுப் பிரித்து வைத்திருந்தாள். ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவில் ஒரு கிழமை. வருகிற ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு துணிக் கிளிப்பு, பச்சையோ மஞ்சளோ சிவப்போ. எந்தக் கிழமையில், எத்தனையாவதாகக் கிளிப்பு தொங்குகிறதோ அதுதான் அவர்கள் முறை. அண்ணியைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. வேலை கிடைத்துவிட்டால் அவளே கிளிப்பைக் கழற்றி அவர்கள் கையில் கொடுத்து, "இனிமே இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்காத" என்பாள். அதைக் கேட்பதற்காகவே இனிப்பு வாங்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

அப்படி ஒரு வருஷம், மழை தொடங்குகிற நேரத்தில், அண்ணி மகளின் பிரசவத்துக்காக வெளியூர் கிளம்பினாள்.

"கயித்த மட்டும் பாத்துக்க. மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்றாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

"நான் என்ன சின்னப் புள்ளயா அண்ணி? இத்தன வருஷமா கிளாஸ் நடத்துறவ நான்தானே" என்றாள் டீச்சர். கொஞ்சம் ரோஷத்தோடுதான் சொன்னாள்.

அண்ணி கயிற்றை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த வருஷத்து மழை லேசில் விடுகிற மழையாக இல்லை. விடிந்தால் தகரத்தில் படபடவென்று தொடங்கும். கீழே கடையில் எந்த மோட்டாரைத் திறந்தாலும் உள்ளே ஈரம். தோய்த்த துணி காயாமல் வீடெல்லாம் புழுங்கிய வாடை. மெக்கானிக்குக்குப் போட்டுக்கொள்ள ஒரு காய்ந்த சட்டை இல்லை. ஒருநாள் காலையில் டீச்சர் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மனுஷன் பொண்டாட்டிக்கு உதவி செய்கிறேன் என்று கிளம்பினார். வாளித் துணியையெல்லாம் பிழிந்து கொடியில் போட்டார். காற்று அள்ளியது. கயிறு நிறையக் கிளிப்பு சும்மாதானே தொங்குகிறது! ஒன்றுவிடாமல் எடுத்து, லுங்கி, சட்டை, தலையணை உறை, படுக்கை விரிப்பு என்று வரிசையாக மாட்டிவிட்டு, கை தட்டிக்கொண்டு கீழே போய்விட்டார்.

டீச்சர் வந்து பார்த்தபோது ஒரு வாரத்து வகுப்பு முழுக்க அவருடைய துணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க! இங்க வாங்க!"

மெக்கானிக் பாராட்டை எதிர்பார்த்து மேலே வந்தார்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"துணி காயப் போட்டேன்."

"கிளிப்பு?"

"காத்து அடிக்குதுல்ல."

"இது யார் யார் என்னைக்கு வர்றாங்கன்னு அண்ணி மாட்டினதுங்க!"

மெக்கானிக் தன் லுங்கியை அண்ணாந்து பார்த்தார். அதன் ஒரு நுனியில் நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்ணும் மறு நுனியில் கிடங்கு வேலைக்குப் போகிறவரும் தொங்கினார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுடலாமா?" என்றார் மெதுவாக.

"வேணாம். என்னால முடியும். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

ரோஷம் என்று ஒன்று இல்லாமல் இருந்தால் மனுஷருக்கு எத்தனையோ தொல்லை மிச்சம். டீச்சர் நினைவிலிருந்து கிளிப்புகளை மறுபடி மாட்டினாள். சிலவற்றில் மழை பட்டுப் பெயர் அழிந்திருந்தது. நிறத்தை வைத்து ஊகித்துக்கொண்டாள். அந்த வரிசைப்படி எல்லாருக்கும் போன் போட்டும் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் எல்லாருமாகச் சேர்ந்து வந்துவிட்டார்கள். படிக்கட்டில் மேலிருந்து கீழ்வரை குடையும் ஈரச் செருப்பும். என் முறை, உன் முறை என்று பேச்சு தடித்தது. மறுநாள் விடிந்தால் இன்டர்வியூ இருந்த நர்ஸ் பெண் அழுகிற நிலையில் இருந்தாள்.

"டீச்சர், இன்னைக்கு எனக்குத்தானே கடைசிப் பயிற்சி? அண்ணி சொல்லிட்டுத்தானே போனாங்க?"

"நானும் லீவு போட்டுட்டு வந்திருக்கேன் டீச்சர்" என்றார் கிடங்குக்காரர். "ஆள மாத்தி ஆளு சொன்னா என்ன அர்த்தம்?"

டீச்சர் அவர்கள் முன்னால் வந்து நின்றாள். எத்தனை பேருக்கு நிமிர்ந்து நில், கண்ணைப் பார், நிதானமாகப் பேசு என்று சொன்னவள்! "இல்ல... நான் வந்து... இன்னைக்கு..." என்றாள். கையிலிருந்த அட்டைகள் கீழே விழுந்தன. குனிந்து பொறுக்கியவள் நிமிரவே கூச்சப்பட்டு, அப்படியே உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நர்ஸ் பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை. அது டீச்சரால் என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆள் குறைந்தது. பெரிய சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் புதிதாக ஒரு பயிற்சி மையம் திறந்திருந்தார்கள். குளிரூட்டிய அறை, சுழலும் நாற்காலி, வாசலில் சீருடை போட்ட ஆள். கிடங்குக்காரர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கயிற்றில் மூன்று கிளிப்பு மிஞ்சியது. அந்த மையத்திலிருந்தே ஒருநாள் டீச்சருக்கு அழைப்பும் வந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் தேவை, அனுபவம் உள்ளவர் என்று கேள்விப்பட்டோம், நேரில் வாருங்கள் என்றார்கள்.

அன்றைக்கு இரவுச் சாப்பாடு ரொட்டியும் அவித்த முட்டையும். டீச்சர் முட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"போகப் போறேன்."

"எங்க?"

"கண்ணாடிக் கட்டடத்துக்கு. அங்க நேரம் பாக்க ஒரு ஆளு, நாற்காலி போட ஒரு ஆளு. நான் போனமா பேசினமான்னு வந்துடலாம். இந்த மாடிய மூடிடலாம்."

மெக்கானிக் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினார்.

"என் லுங்கியாலதான் இவ்வளவும்."

"லுங்கி என்ன பண்ணுச்சு பாவம். அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி நான் திக்கித் திணறினேனே, அது லுங்கியா? எல்லாம் நான்தான் நடத்துறேன்னு நெனச்சிட்டிருந்தேங்க. அண்ணி கயித்துல நடந்திருக்கு, உங்க மூஞ்சில நடந்திருக்கு. என்கிட்ட என்ன இருக்கு?"

மெக்கானிக்குக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எழுந்து போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"என்னங்க இது?"

"இன்டர்வியூன்னா பயிற்சி வேணாமா? போங்க, வெளிய போய்த் தட்டுங்க."

ஊருக்கெல்லாம் இன்டர்வியூ சொல்லிக்கொடுத்தவள் தன் வாழ்நாளில் ஒரு இன்டர்வியூவுக்கும் போனதில்லை. அது அவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. டீச்சர் வெளியே போனாள். அளவாகத் தட்டினாள். உள்ளே வந்தாள், நின்றாள், சொன்ன பிறகு உட்கார்ந்தாள். அவர் முதல் அட்டையை எடுத்தார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

டீச்சர் எச்சிலை விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். தகரத்தில் மழை சடசடத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. அவர் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு அடுத்த அட்டையை எடுக்காமல் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனாள். காட்டிய அறைக்கு நேரே நடந்தாள். தட்டுவதற்காக விரலை மடக்கிக் கையைத் தூக்கினாள். கதவு தானாக விலகிப் போய்விட்டது. தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் விருட்டென்று எழுந்தாள்.

டீச்சருக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ரயில்! பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்காத பெண் என்பதால் அண்ணி வைத்த பெயர். எச்சில் விழுங்கச் சொல்லிச் சொல்லியே அவளை நிதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது தலையில் இரண்டு நரை, கழுத்தில் அடையாள அட்டை.

"வாங்க டீச்சர்" என்றாள் ரயில்.

"வணக்கம்" என்றாள் டீச்சர். நின்றாள்.

ரயிலும் நின்றாள்.

உட்காரச் சொல்லும் வரை உட்காரக் கூடாது என்று டீச்சர் காத்திருந்தாள். டீச்சர் சொல்லாமல் அவள் எதிரில் உட்காருவது எப்படி என்று ரயில் காத்திருந்தாள். இரண்டு பேரும் முகத்தில் ஒரு புன்சிரிப்பை மாட்டிக்கொண்டு, முதுகு நிமிர்ந்து, கையைக் கோத்துக்கொண்டு, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அச்சு அசலாக நின்றார்கள். கண்ணாடிக்கு வெளியே போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, ஏதோ மௌன அஞ்சலி போலிருக்கிறது என்று நகர்ந்தார்.

கடைசியில் பழக்கதோஷத்தில் டீச்சர்தான் சொன்னாள், "உட்காருங்க."

ரயில் பட்டென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் யார் யாரை உட்காரச் சொல்வது என்று உறைத்தது. மறுபடி எழுந்தாள். அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பேருக்கும். சிரித்துச் சிரித்து ரயில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிக்குங்க டீச்சர். நீங்க நிக்கும்போது கால் தானா நிக்குது. இன்னமும் எந்த மீட்டிங்குக்குப் போனாலும் எச்சில முழுங்கிட்டுத்தான் பேசுறேன். அண்ணி எப்படி இருக்காங்க? ஐயா அதே கோட்டுதானா?"

"அதே கோட்டு. பித்தான்தான் இன்னும் தள்ளிப் போயிடுச்சு."

"அன்னைக்கு அவர் மூஞ்சியப் பாத்துப் பயந்து நான் ஓடிப்போயிட்டேன், ஞாபகம் இருக்கா? நீங்க படியிறங்கி ரோடு வரைக்கும் வந்தீங்க. திட்டுவீங்கன்னு நெனச்சேன். 'வா, மறுபடி தட்டு, இது முதல் தடவன்னு வச்சுக்கலாம்'னு சொன்னீங்க. அன்னைக்குப் பூரா என்னைத் தட்ட வச்சுட்டே இருந்தீங்க டீச்சர். கேள்வியெல்லாம் எனக்கு மறந்து போச்சு. அது மறக்கல."

டீச்சருக்கு அது ஞாபகமே இல்லை. அப்படிப் படியிறங்கிப் போய்க் கூட்டிவந்தது எத்தனையோ பேரை. ஆனால் ரயில் சொல்லச் சொல்ல, நெஞ்சில் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. அண்ணியின் கயிறும் புருஷன் முகமும் அந்தப் படிக்கட்டில் இறங்கி ஓடவில்லையே. ஓடியது இவள்தான்.

ரயில் எழுந்து மையத்தைச் சுற்றிக் காட்டினாள். சுழலும் நாற்காலிகளைத் தரையோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி, கிட்டே போனால் தானாக விலகுகிறது.

"எல்லாம் நல்லா இருக்கும்மா" என்றாள் டீச்சர். "தட்டிப் பழகுறதுக்குத்தான் ஒரு கதவு இல்ல."

ரயில் அந்தக் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க வரமாட்டீங்க, அப்படித்தானே?"

"அங்க மூணு பேரு வருவாங்கம்மா. இன்னைக்கு அவங்க முறை."

"நான் வேணா உங்ககிட்ட ஆள் அனுப்பட்டுமா டீச்சர்? இங்க பேசக் கத்துக்கிட்டவங்க, உள்ள போகத் தெரியாம நிக்கிறாங்க."

"அனுப்பு. ஆனா முன்கூட்டியே சொல்லிட்டு அனுப்பு. கயித்துல மாட்டணும்."

வெளியே வந்ததும் முதல் வேலையாக அண்ணிக்குப் போன் போட்டாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணி, கிளிப்பையெல்லாம் குழப்பிட்டோம். எனக்குத் தெரியல. சொல்லிக் குடுங்க."

"இதுக்கா இத்தன நாளு?" என்றாள் அண்ணி. "என் தம்பி துணி காயப் போட்டானாக்கும்?"

"எப்படித் தெரியும்?"

"அவன் அன்னைக்கே போன் போட்டு அழுதுட்டான். நீயா கேக்கட்டும்னு இருந்தேன். வேலையில இருக்கவங்களுக்குச் சாயங்காலம், பச்சை; வீட்டுல இருக்கவங்களுக்குக் காலையில, மஞ்சள்; சிவப்புன்னா தேதி நெருங்கினவங்க. சிவப்ப யாருக்காகவும் நகத்தாத. அவ்வளவுதான்டி. மிச்சமெல்லாம் நீதானே."

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. கடை பாதி சாத்தியிருந்தது. மாடியில் ஆள் சத்தம் கேட்டது. படியேறினாள். அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே அந்த மூன்று பேரும் சுவரோரம் உட்கார்ந்திருக்க, மெக்கானிக் கோட்டை மாட்டிக்கொண்டு தன்னந்தனியாக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். டீச்சர் இல்லாமல் மனுஷனுக்கு என்ன வரும்? "அடுத்தவங்க வரலாம்... யாருன்னா வரலாம்..." என்று குரல் நடுங்கியது. போனவள் அங்கேயே சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அந்தக் குரலில் அப்படியே தெரிந்தது.

டீச்சர் ஈரச் செருப்பைக் கழற்றினாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். விரலை மடக்கி, அளவாகத் தட்டினாள்.

உள்ளே சத்தம் நின்றது.

"உள்ள வரலாம்."

போய் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். எழுந்துவிடுவார் போலிருந்தது. எழவில்லை.

"உட்காருங்க."

உட்கார்ந்தாள். சுவரோரம் இருந்த மூன்று பேரும் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

டீச்சர் எச்சிலை விழுங்கினாள். ஒரே ஒருமுறைதான்.

"நான் இன்டர்வியூ கிளாஸ் நடத்துறேங்க. மாடியிலதான். சில நேரம் கொழப்பிடுவேன், பத்துப் பேரு முன்னாடி திக்கவும் செய்வேன். நேரத்த ஒழுங்கு பண்ண எங்க அண்ணி இருக்காங்க, பயமுறுத்த எங்க வீட்டுக்காரர் இருக்கார். பயந்து ஓடுறவங்க பின்னாடி ஓடிக் கூட்டிட்டு வர்றது மட்டும் நான். அத யார்கிட்டயும் விடுறதா இல்ல."

மெக்கானிக் மேஜையைத் துழாவினார். கடைசி அட்டை கையில் அகப்பட்டது. 'போயிட்டு வாங்க, தகவல் சொல்லி அனுப்புறோம்' என்ற அட்டை. அத்தனை வருஷமாக, வந்த அத்தனை பேருக்கும் அவர் வேறு சொன்னதில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு, அந்தப் பொல்லாத முகத்தை இன்னும் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டு சொன்னார்.

"நீங்க நாளைக்கே வேலையில சேந்துக்கலாம்."